கட்டின கயிறு எது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இப்போது இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் விவசாயம் பார்க்கிறான். "டீச்சர், ஒரு கம்பெனிக்காரங்க ஊறுகாய் வெள்ளரி போடச் சொல்றாங்க. விதை, உரம், மருந்து எல்லாம் அவங்களே தருவாங்களாம். விலையும் இப்பவே எழுதித் தர்றாங்க. இன்னொரு பக்கம் நம்ம ஊர்க்காரங்க, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில சேருடாங்கிறாங்க. எது டீச்சர் நல்லது?" என்று கேட்டான்.

நான் வெள்ளரி போட்டவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்து சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் இந்தக் கேள்வியை இதற்கு முன்பே பலர் கேட்டு, பதில் தேடி, அடிபட்டு, எழுந்து, மறுபடி விழுந்த ஓர் ஊரின் கதை எனக்குத் தெரியும். போனில் பாதி சொன்னேன். மீதியை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா வேடசந்தூர் பக்கம் புகையிலை போட்டவர் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். நுனி கிள்ளுவது, பக்கக் கன்று ஒடிப்பது, வெட்டிக் காயப்போட்டுப் பாடம் செய்வது என்று வீடே அந்த வேலையில் கிடக்கும். நடவுக்கு முன்பே ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவார். சரக்கு தயாரானதும் அந்த வியாபாரி வருவார். ஓர் இலையை உருவி மூக்கில் வைத்துப் பார்ப்பார். "ஈரம் இருக்கு" என்பார். அவ்வளவுதான், விலை இறங்கிவிடும். ஈரம் இருந்ததா இல்லையா என்று சொல்ல அங்கே வேறு ஆள் கிடையாது. முன்பணம் வாங்கியதால் வேறு வியாபாரியிடமும் போக முடியாது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

பணி ஓய்வுக்குப் பிறகு பெரியவன் வீட்டுக்கு, அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் நாஷ்வில் நகரத்துக்கு, மூன்று மாதம் போயிருந்தேன். ஒருநாள் காரில் வடக்கே கென்டக்கி மாநில எல்லைப் பக்கம் அழைத்துப் போனான். வழியில் கறுப்புப் பலகை அடித்த உயரமான கொட்டகை ஒன்றிலிருந்து குபுகுபுவென்று புகை வந்துகொண்டிருந்தது. "டேய், தீப்பிடிச்சிருக்குடா, வண்டிய நிறுத்து!" என்று கத்திவிட்டேன். அவன் சிரித்தான். "தீ இல்லம்மா, புகையிலைய பாடம் பண்றாங்க." வண்டியை விட்டு இறங்கினேன். அந்த வாசனை! ஐம்பது வருடம் பின்னால் போய் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றேன்.

அந்தப் பகுதிக்கு 'பிளாக் பேட்ச்' என்று பெயர். கறுப்பு நிலப்பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கென்டக்கியும் அதையொட்டிய டென்னஸியும் சேர்ந்தது. கொட்டகைக்குள் இலையைத் தொங்கவிட்டு, கீழே கட்டையும் மரத்தூளும் போட்டுப் புகைமூட்டிக் கருக்கும் புகையிலைக்குப் பேர்போன பூமி. அந்தப் பகுதியிலேயே இருக்கும் ஹாப்கின்ஸ்வில் என்ற ஊரின் அருங்காட்சியகத்துக்கும் போனோம். அங்கே பார்த்ததும், அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததும்தான் இனிமேல் நான் சொல்லப் போவது.

1880களில் பான்சாக் என்பவரின் சிகரெட் இயந்திரம் வந்தது. அதுவரை கையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றியது. அதை முதலில் பிடித்துக்கொண்டவர் ஜேம்ஸ் பியூக்கனன் டியூக். அவர் 1890ல் ஐந்து பெரிய கம்பெனிகளை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். அதன் பிறகு மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை என்று ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டார்.

பிளாக் பேட்ச் புகையிலையை வாங்க அந்தக் கம்பெனியும், இத்தாலி போன்ற நாடுகளின் அரசு ஏகபோக நிறுவனங்களுக்காக வாங்கும் ஏஜெண்டுகளும்தான் இருந்தார்கள். அவர்கள் ஊர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். உன் கொட்டகைக்கு ஓர் ஆள் வருவான், அவன் சொல்வதுதான் விலை, அடுத்த ஆள் வரமாட்டான். விவசாயி தானே இலையை நேரடியாக விற்றுப் பார்க்கலாம் என்றால் அதற்குப் பவுண்டுக்கு 6 சென்ட் வரி. 1900களின் தொடக்கத்தில் விலை 4 சென்ட், அதற்கும் கீழே என்று போனது. விளைவிக்கவே 6 சென்ட் ஆகிறது என்றார்கள் விவசாயிகள்.

எங்கள் அப்பாவின் கதைதானே இது? ஆனால் அவர்கள் துண்டை உதறிவிட்டு உள்ளே போகவில்லை.

1904 செப்டம்பர் 24. கென்டக்கியில் கத்ரி என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூடினார்கள். பீலிக்ஸ் யூயிங் என்ற பெரிய பண்ணைக்காரர் தலைமையில் பயிரிடுவோர் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. திட்டம் எளிமையானது. எவரும் தனியாக விற்கக் கூடாது. எல்லாச் சரக்கையும் சங்கத்தின் கிடங்கில் போடுவோம். நல்ல விலை கொடுத்தால் மொத்தமாகத் தருவோம், இல்லையென்றால் பூட்டி வைப்போம். பெரிய பண்ணைக்காரர், குத்தகைக்காரர், வெள்ளையர், கறுப்பர் என்று எல்லோரும் அதில் சேர்ந்தார்கள்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? சங்கத்தில் சேராதவனைத் தேடிப் போய்ப் பவுண்டுக்கு 10, 12 சென்ட் என்று அள்ளிக் கொடுத்தது. சங்கத்துக்காரனின் சரக்கு கிடங்கில் கிடக்க, சேராத பக்கத்து வீட்டுக்காரன் கை நிறையக் காசோடு கடைவீதியில் நடந்தான். சங்கம் போராடியதால் உயர்ந்த விலை அது. அதை வாங்கியவன் போராடாதவன். ஒரு வீட்டில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் பொறுமையாக இருக்க முடியும்?

நான் வகுப்பில் விறகுக்கட்டுக் கதை சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? ஒற்றைக் குச்சியை ஒடித்துவிடலாம், கட்டை ஒடிக்க முடியாது, ஒற்றுமையே பலம் என்று. வருடா வருடம் சொன்ன கதை. அந்தக் கட்டைக் கட்டிய கயிறு எது என்று நான் ஒரு வருடமும் உங்களிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. பிளாக் பேட்ச்சில் அவர்கள் எடுத்த முதல் கயிறு, பயம்.

1905 அக்டோபரில் டென்னஸியின் ராபர்ட்சன் கவுண்டியில் சிலர் கூடி, சேராதவர்களைக் கூட்டமாகப் போய் 'அறிவுறுத்துவது' என்று தீர்மானம் போட்டார்கள். அவர்கள் கூடிய இடம் ஒரு பள்ளிக்கூடம். படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. அறிவுரை சீக்கிரமே மிரட்டல் ஆனது. முகமூடி போட்டுக்கொண்டு இரவில் குதிரையில் வந்தார்கள். 'இரவுக் குதிரைக்காரர்கள்' என்று பெயர் வந்தது. சேராதவனின் நாற்றங்காலைச் சுரண்டி அழித்தார்கள். நாற்றங்கால் போனால் அந்த வருடமே போச்சு என்பது விவசாயிக்குத்தானே தெரியும்? கொட்டகையைக் கொளுத்தினார்கள். ஆளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். இவர்களுக்குத் தலைவராக இருந்தவர் டேவிட் ஏமாஸ். ஊரே மதித்த ஒரு டாக்டர்.

1907 டிசம்பர் 7 விடியற்காலை, சுமார் 250 பேர் ஹாப்கின்ஸ்வில் நகரத்துக்குள் நுழைந்தார்கள். போலீஸ் நிலையம், தொலைபேசி நிலையம், தீயணைப்பு நிலையம் மூன்றையும் பிடித்துக்கொண்டு கிடங்குகளுக்குத் தீ வைத்தார்கள். ஊரில் பாதிப்பேர் அவர்களை வீரர்கள் என்றே நினைத்தார்கள். ஏழை விவசாயி பணக்காரக் கம்பெனியை எதிர்க்கிறான் என்று கேட்டால் நம் மனமும் அந்தப் பக்கம்தானே சாயும்?

ஆனால் அந்தச் சவுக்கு யார் முதுகில் விழுந்தது என்று பாருங்கள். நியூயார்க்கில் இருந்த டியூக்கின் முதுகில் விழவில்லை. சங்கத்தில் சேர மறுத்த ஹாலோவெல் என்ற விவசாயியின் வீட்டை இரவில் சூழ்ந்து சுட்டார்கள், அவரைச் சவுக்கால் அடித்தார்கள். அவரும் மனைவி மேரி லூவும் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1908ல் 35,000 டாலர் இழப்பீடு என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. பயப்படாமல் சாட்சி சொன்ன அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

கறுப்பின மக்களுக்கு அந்த நீதியும் கிடைக்கவில்லை. 1908 மார்ச்சில் டென்னஸி ஆற்றங்கரையில் இருந்த பர்மிங்ஹாம் என்ற சிற்றூரில் புகுந்து அவர்கள் வீடுகளைச் சுட்டார்கள். ஒரு முதியவரும் ஒரு குழந்தையும் உயிரிழந்தார்கள். மற்றவர்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். புகையிலை விலைக்கும் அவர்களை விரட்டியதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. முகமூடி கிடைத்துவிட்டால் மனதில் இருக்கும் பழைய விஷமெல்லாம் வெளியே வரும். அந்த ஊர் இப்போது ஒரு அணைக்கட்டின் ஏரிக்கு அடியில் இருக்கிறது. ஏமாஸ் மீது 1911ல் வழக்கு நடந்தது. விடுதலை ஆகிவிட்டார்.

பலன் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. விலை ஏறியது. மத்திய கென்டக்கியில் பர்லி என்ற வேறு ரகப் புகையிலை போட்டவர்கள் 1908ல் பெரும்பாலும் பயிரே வைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கம்பெனி இறங்கிவந்து, அவர்கள் பூட்டி வைத்திருந்த சரக்கைப் பவுண்டுக்குச் சராசரியாக 17 சென்ட் கொடுத்து வாங்கியது. 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூக்கின் ஏகபோகத்தை உடைத்துத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்க உத்தரவிட்டது. ஆனால் பயத்தால் கட்டிய சங்கம் நிலைக்கவில்லை. விலை ஏறியதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். சில ஆண்டுகளில் கலைந்துவிட்டது.

இரண்டாவது கயிறு, காகிதம்.

முதல் உலகப் போரில் விலை நன்றாக ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது. 1921 தொடக்கத்தில் லெக்சிங்டன் சந்தையில் விலை முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. அப்போது லூயிவில் நகரத்துப் பத்திரிகை முதலாளி ராபர்ட் வொர்த் பிங்ஹாம், கலிபோர்னியாவிலிருந்து ஆரன் சபீரோ என்ற வழக்கறிஞரை அழைத்து வந்தார். சபீரோவின் யோசனை இது. கூட்டுறவில் சேருகிறவன் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விளையும் இலை முழுவதையும் கூட்டுறவுக்கே தர வேண்டும். வெளியே விற்றால் பவுண்டுக்கு 5 சென்ட் அபராதம்.

ஒப்பந்தம் என்றாலே கம்பெனிக்காரன் நீட்டுகிற காகிதம் என்று நினைக்கிறோம் அல்லவா? இங்கே விவசாயிகளே தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1921 முடிவதற்குள் 55,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பர்லி புகையிலை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் இப்படித்தான் தொடங்கியது.

முதல் ஓரிரு வருடம் நன்றாக நடந்தது. பிறகு பழைய நோய் திரும்ப வந்தது. கூட்டுறவில் போட்டவனுக்குப் பணம் தவணை தவணையாக வந்தது. சரக்கு விற்றால்தானே பணம்? வெளியே நின்றவன் சந்தையில் விற்று அன்றே காசு வாங்கிப் போனான். அவன் இஷ்டத்துக்கு நிலத்தையும் கூட்டிக்கொண்டான். ஒப்பந்தத்தை மீறியவன் மீது கூட்டுறவு வழக்குப் போட்டது. தன் உறுப்பினர்மீதே வழக்குப் போடும் சங்கம் எத்தனை நாள் நிற்கும்? 1926ல் ஐந்து வருடம் முடிந்தது. மறுபடி கையெழுத்துப் போட ஆள் இல்லை.

மூன்றாவது கயிறு, சட்டமும் ஓட்டும். இதுதான் நின்றது. கொஞ்ச நஞ்சமல்ல, அறுபது வருடத்துக்கு மேல்.

1930களில் பெரும் பொருளாதார மந்தம். அதிபர் ரூஸ்வெல்ட் அரசு 1933லும் 1938லும் வேளாண் சட்டங்கள் கொண்டுவந்தது. யார் எவ்வளவு புகையிலை போடலாம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் அளவு. இந்தக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று விவசாயிகளே ஓட்டுப் போடுவார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டும் என்றால்தான் அமல். அமலுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் பொருந்தும். வெளியே நின்று லாபம் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரன் இப்போது இல்லை. அளவுக்கு மேல் விற்றால் கடும் அபராதம்.

1940களில் அந்தப் பர்லி கூட்டுறவுக்கும் மறுவாழ்வு வந்தது. ஏலம் எப்படி நடக்கும் என்றால், விவசாயி சரக்கைக் கிடங்கில் அடுக்குவார். அரசாங்க ஆள் ஒருவர் வந்து தரம் பிரிப்பார். அந்தத் தரத்துக்கு ஓர் அடிப்படை விலை உண்டு. கம்பெனிக்காரர்கள் அதற்கு மேல் கேட்டால் அவர்களுக்குப் போகும். கேட்காவிட்டால் அரசுக் கடன் உதவியோடு கூட்டுறவு அதே அடிப்படை விலைக்கு எடுத்துக்கொள்ளும். விவசாயி அன்றே பணத்தோடு வீட்டுக்குப் போவார். "ஈரம் இருக்கு" என்று ஒருவன் சொன்னதே தீர்ப்பாகிவிடாது. வேண்டாம் என்று அவன் போனாலும் சரக்கு தெருவில் நிற்காது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் புகையிலை வைத்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் கென்டக்கியில் ஏராளம்.

குறை இல்லையா? இருந்தது. அந்த அளவு உரிமை நிலத்தோடு ஒட்டியது. உழாதவர்கள் அதை வைத்துக்கொண்டு உழுகிறவர்களிடம் வாடகை வாங்கினார்கள். கம்பெனிகள் பிரேசில், மலாவி போன்ற நாடுகளின் மலிவான இலைக்குப் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, புகையிலை மனிதரைக் கொல்லும் பொருள் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. புகைப்பவர்கள் குறைந்தார்கள். அது நல்ல செய்தி, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நம் வீட்டிலேயே அதற்கு ஒருவரைப் பறிகொடுத்திருக்கிறோம். ஆனால் சந்தை சுருங்கும்போது அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது என்பது தனிக் கேள்வி.

1997க்கும் 2000க்கும் இடையில் பர்லி விவசாயிகளுக்கான அளவு பாதிக்கும் கீழே போனது. சரியாக அந்த நேரத்தில், 2000ஆம் ஆண்டு வாக்கில், பிலிப் மாரிஸ் போன்ற கம்பெனிகள் நேரடி ஒப்பந்தத்தோடு வந்தன. ஏலம் வேண்டாம், எங்களிடமே கொண்டு வாருங்கள், விலை முன்கூட்டியே எழுதித் தருகிறோம் என்றன. அடிப்படை விலையைவிடக் கூடவே கொடுத்தார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஓரிரு ஆண்டில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஏலக் கிடங்குகள் காலியாகின. இந்த முறை யாரும் முகமூடி போடவில்லை, சவுக்கு எடுக்கவில்லை. காபி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

2004ல் பழைய முறையையே சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். உரிமை வைத்திருந்தவருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர் என்று பத்து வருடத் தவணையில் ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். அது சின்னத் தொகை இல்லை. பலர் கடனை அடைத்து நிம்மதியாக விலகினார்கள். ஆனால் தொடர்ந்து பயிரிட்டவர்களுக்கு இனி அடிப்படை விலை இல்லை, ஏலமும் ஏறக்குறைய இல்லை. தரம் பிரிப்பது வாங்குகிற கம்பெனியின் கிடங்கில், கம்பெனியின் ஆள். அடுத்த வருடம் எவ்வளவு வாங்குவது என்பதும் கம்பெனியின் முடிவு. 2002ல் அமெரிக்காவில் சுமார் 57,000 பண்ணைகள் புகையிலை போட்டன. 2017ல் சுமார் 6,200. அந்தப் பர்லி கூட்டுறவும் ஒரு நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, தன் நூறாவது வயதை ஒட்டிக் கலைக்கப்பட்டது.

இனி என் மாணவனுக்கு.

தம்பி, ஒப்பந்தம் கெட்டது, கூட்டுறவு நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டுறவு என்ற பெயரில் சவுக்கு எடுத்ததையும் பார்த்தோம், ஒப்பந்தம் கொஞ்ச காலம் நல்ல விலை கொடுத்ததையும் பார்த்தோம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேள்.

ஒன்று: தராசு யார் கையில்? எடை போடுவதும் தரம் பிரிப்பதும் யார்? "இது இரண்டாம் தரம்" என்று அவர்கள் சொன்னால், இல்லை என்று சொல்ல மூன்றாவது ஆள் உண்டா?

இரண்டு: அவர்கள் வேண்டாம் என்றால் சரக்கு எங்கே போகும்? ஊறுகாய் வெள்ளரி நம் உழவர் சந்தையில் போகாது. வாங்க ஒருவன் மட்டுமே இருக்கும் பயிருக்கு விலை எழுதியிருந்தாலும் அது பாதி விலைதான். விதை, உரம், மருந்துக்கான கடன் முதலில் கழியும் என்பதையும் மறக்காதே.

மூன்று: உன் பக்கத்துக் காட்டுக்காரன் என்ன செய்கிறான்? நீ தனியாகக் கையெழுத்துப் போட்டால் நீ ஒற்றைக் குச்சி. பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி வழியாக அதே ஒப்பந்தத்தைப் பேசினால் பேச்சே வேறு. நம் ஊர் பால் சொசைட்டியைப் பார். காலையில் எல்லோர் பாலையும் எல்லோர் கண் முன்னால் அளந்து சீட்டு எழுதுகிறார்கள். குறை ஆயிரம் இருக்கலாம். ஆனால் அளப்பவர் நம்மில் ஒருவர்.

தமிழ்நாட்டில் ஒப்பந்த சாகுபடிக்கென்றே 2019ல் சட்டம் வந்திருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் போய்க் கேள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல். பதிவுக்கு வராத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவருமாக வரி வரியாகப் படிப்போம்.

எங்கள் அப்பாவிடம் இந்த மூன்று கேள்வியும் இருந்திருக்கும். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. உனக்கு நாங்கள் இருக்கிறோம்.

இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளில் வங்கியில், வேளாண் துறையில், வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நான் எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். அன்று நான் உங்கள் நோட்டைத் திருத்தினேன், இன்று உங்கள் முறை.

எல்லோரும் நலமாக இருங்கள். மழை நன்றாகப் பெய்யட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்